வளைந்த வங்கு, வளைந்த உடல்: மேட் விழவே மாட்டேன் என்கிறது

முதுநகர் வரைவாளன் | ஞாயிறு, இரவு 10.42

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன். கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு போடும் ஒரு பட்டறைக்கு வரைபட வேலை செய்து தருகிறேன். 30 அடிப் படகு. வெளி உடல் முழுக்க ஒரே பார்ட், சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் லாஃப்ட் போட்டு (பல குறுக்குவெட்டுகளை இணைத்து வளைபரப்பாக்கி) எடுத்தது. உள்ளே 11 வங்குகள் (படகின் விலா எலும்பு மாதிரி குறுக்கே நிற்கும் சட்டங்கள்), 18 மி.மீ. ப்ளைவுட். பட்டறையில் நிற்கும் படகுக்குள் இறங்கி அட்டை வெட்டி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் வளைவை அட்டையில் எடுத்து, அதைப் படம் பிடித்து ஸ்ப்ளைனாக (புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடாக) வரைந்தேன். அதாவது உடல் தனியாகப் பிறந்தது, வங்குகள் தனியாகப் பிறந்தன.

இப்போது அசெம்ப்ளியில் (பார்ட்டுகளைச் சேர்க்கும் கோப்பில்) மேட் போடுகிறேன், அதாவது ஒரு பார்ட்டை இன்னொன்றோடு பிணைக்கும் கட்டளை. வங்கின் வெளி விளிம்பையும் உடலின் உள் முகத்தையும் சேர்த்து டேன்ஜென்ட் (தொட்டு நிற்பது) கேட்டால் தர மறுக்கிறது. கோஇன்சிடென்டும் (ஒன்றோடொன்று பொருந்துவது) கிடையாது. சரி என்று வங்கின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, அந்தப் புள்ளிகளை உடல் முகத்தில் ஒட்டினேன். முதல் வங்கு மூன்று புள்ளியில் உட்கார்ந்தது, ஆனால் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. இரண்டாவதுக்கு ஐந்து புள்ளி வைத்தேன், எல்லாம் சிவப்பு, அதாவது பிழை. நான்காவது வங்கு தலைகீழாகப் புரண்டு படகுக்கு வெளியே போய் நின்றது. நான் எதையும் தொடவில்லை, ரீபில்டு (மறுகணக்கு) மட்டும்தான் கொடுத்தேன்.

கொசுறாக ஒரு கூத்து. பட்டறையில் மேஸ்திரி வந்து “எத்தனை மேட் போட்டிருக்கே?” என்றார். நான் “42” என்றேன். மனுஷன் அரண்டு போய்விட்டார். அவர் கேட்டது கண்ணாடி இழை மேட் எத்தனை அடுக்கு என்று.

சிப்காட் சாடில் | ஞாயிறு, இரவு 11.05

42 அடுக்கு போட்டால் படகு உப்பனாற்றிலேயே உட்கார்ந்துவிடும் :)

விஷயத்துக்கு வருகிறேன். டேன்ஜென்ட் மறுப்பது கோளாறு இல்லை. அந்த மேட்டுக்கு இரண்டில் ஒன்றாவது உருளை, கூம்பு, கோளம் மாதிரி ஒழுங்கான வடிவமாக இருக்க வேண்டும். உருளைக்கு அச்சு உண்டு, கோளத்துக்கு மையம் உண்டு. உங்கள் ஸ்ப்ளைனுக்கு என்ன உண்டு? மென்பொருள் பிடித்துக்கொள்ள அதில் கைப்பிடியே இல்லை.

நான் குடிகாடு பக்கம் கெமிக்கல் டேங்க் வரைகிறவன். எங்களுக்கும் எல்லாமே வளைவுதான், ஆனால் கைப்பிடி உள்ள வளைவு. படுத்த டேங்கின் ஷெல்லுக்கு (உருளை உடலுக்கு) அடியில் சாடில் (தாங்கும் பிறை வடிவ இருக்கை) வைக்கிறோம், பொதுவாக 120 டிகிரி அணைப்பு. அங்கே ஷெல்லின் வெளிமுகத்தையும் தேய்மானத் தகட்டின் உள்முகத்தையும் கான்சென்ட்ரிக் (ஒரே அச்சு) கொடுத்தால் நான்கு அசைவு ஒரே அடியில் போய்விடும். மிச்சம் இரண்டு: நீளவாக்கில் நகர்வது, சுற்றுவது. நீளத்துக்கு ஒரு தூரம், சுற்றுவதற்கு ஒரு பிளேன் (தட்டையான கற்பனைத் தளம்). முடிந்தது.

டிஷ் எண்டுக்கு (டேங்கின் முனையை மூடும் குழிந்த மூடிக்கு) வந்தால்தான் புதுப் பையன்கள் மாட்டுவார்கள். 2000 மி.மீ. விட்டத்துக்கு 10 சதவீத நக்கிள் டிஷ் என்றால் நடுக்குழிவான கிரவுனின் ஆரம் 2000, ஓரத்து மடிப்பான நக்கிளின் ஆரம் 200. பையன் அந்தக் குழிந்த கிரவுனைப் பிடித்து எதையாவது ஒட்டப் பார்ப்பான். கிரவுனையே தொடாதே, கீழே ஒரு நேர் விளிம்பு இருக்கிறதே, அந்த உருளையைப் பிடி என்பேன். அதைப் பிடித்தால் மேலே உள்ள வளைவெல்லாம் தானாக வந்து நிற்கும்.

முதுநகர் வரைவாளன் | ஞாயிறு, இரவு 11.20

அண்ணே, அது சரி, ஆனால் என் வங்கில் நேர் விளிம்பே கிடையாதே. சுற்றிலும் வளைவு. மேல் விளிம்புகூட நடுவில் குழிந்திருக்கிறது. எதைப் பிடிப்பது?

தட்டாஞ்சாவடி டூல்ரூம் | திங்கள், காலை 6.15

தம்பி, உருவத்தில் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள். பார்ட்டுக்குள் மூன்று பிளேன் எப்போதும் இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை.

நான் புதுச்சேரியில் 30 வருடம் ஜிக், ஃபிக்ஸ்ச்சர் (வேலைப் பொருளை அசையாமல் பிடிக்கும் தாங்கிகள்) செய்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே 3-2-1. எந்தப் பொருளுக்கும் ஆறு அசைவு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுற்றலாம். பெரிய முகத்தை மூன்று ஊசியில் உட்கார வை, மூன்று அசைவு போகும். நீளப் பக்கத்தை இரண்டு ஊசியில் சாய், இரண்டு போகும். குறுக்கே ஒரு ஊசி, கடைசி ஒன்றும் போகும். ஏழாவது ஊசி வைத்தால் என்ன ஆகும்? பொருள் ஆறில் உட்காரும், ஏழாவதில் ஆடும், அல்லது ஏழாவதில் உட்கார்ந்து வேறொன்றில் தூக்கும். நாற்காலிக்கு நான்கு கால் இருப்பதால்தான் ஆடுகிறது, முக்காலி ஆடுவதில்லை.

உன் கணக்கைப் பார். ஒரு புள்ளியை ஒரு முகத்தில் ஒட்டினால் ஒரே ஒரு அசைவுதான் போகும். வங்கை நீளவாக்கில் நிறுத்த ஒரு டிஸ்டன்ஸ் கொடுத்திருப்பாய், அது பிளேனுக்கு பிளேன், அதில் மூன்று போயிற்று. மேலே மூன்று புள்ளி, ஆக ஆறு. முதல் வங்கு அதனால் நின்றது. சாய்ந்து நின்றதற்குக் காரணம், நீ அட்டையில் எடுத்த இடது வளைவும் வலது வளைவும் ஒன்று போல் இல்லை, அது நியாயமாகச் சாய்ந்திருக்கிறது. அடுத்த வங்கில் நான்காவது, ஐந்தாவது புள்ளி வைத்தாயே, அதுதான் ஏழாவது ஊசி, எட்டாவது ஊசி. ப்ளைவுட்டாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கணினி கொடுக்காது. சாலிட்வொர்க்ஸுக்கு அடியில் ஓடும் பாராசாலிட் ஒரு மீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு வரை பார்க்கிறது. உன் அட்டைக்கும் உடலுக்கும் அரை மில்லி வித்தியாசம் என்றால் அதன் கண்ணுக்கு அது கெடிலத்தின் இந்தக் கரையும் அந்தக் கரையும்.

ஆகவே புள்ளியையெல்லாம் அழி. வங்கு பார்ட்டில் நடுக்கோட்டு பிளேன் ஒன்று, அடிமட்ட பிளேன் ஒன்று, பலகையின் முகம் ஒன்று. உடலிலும் அதே மூன்று: படகின் நடுப் பிளேன், அடிமட்டம், முனையில் இருந்து தூரம். தூரத்தில் மூன்று அசைவு, நடுக்கோட்டில் புதிதாக இரண்டு, அடிமட்டத்தில் கடைசி ஒன்று. மூன்று மேட், வங்கு அசையாது. வளைவைக் கையால்கூடத் தொடவில்லை பார்.

சேதராப்பட்டு ஷீட்மெட்டல் | திங்கள், காலை 9.30

இவ்வளவு எதற்கு என்று கேட்கிறேன். எல்லா பார்ட்டையும் படகின் ஆரிஜினை (அளவு தொடங்கும் புள்ளியை) வைத்தே வரை, அசெம்ப்ளியில் ஆரிஜினுக்கு ஆரிஜின் போட்டு ஃபிக்ஸ் பண்ணு. ஒரு மேட்கூடத் தேவையில்லை. கார் பாடி வேலை முழுக்க அப்படித்தான், கதவு, பேனல் எல்லாம் வண்டியின் ஆயத்திலேயே (ஆரிஜினும் அச்சுகளும் சேர்ந்த சட்டகத்திலேயே) வரையப்பட்டு வரும், திறந்தால் தானாக இடத்தில் நிற்கும். 42 மேட் போட்டு ரீபில்டுக்கு டீ குடிக்கப் போகும் வேலை எல்லாம் அங்கே கிடையாது.

சிப்காட் சாடில் | திங்கள், காலை 9.48

ஒத்துக்கொள்கிறேன், பாதி. நடுப்பகுதியில் நான்கு வங்கு ஒரே அளவு என்றால் ஒரே பார்ட்டை நான்கு தடவை வைக்கலாம். உங்கள் முறையில் நான்கு தனி ஃபைல், நான்கு பெயர், ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றையும் திருத்த வேண்டும். அப்புறம் முதலாளி வந்து “மீன் பெட்டி பெரிதாக வேண்டும், ஐந்தாவது வங்கை 150 தள்ளு” என்பார். ஃபிக்ஸ் பண்ணியது தள்ளாது, ஸ்கெட்சைத் திறந்து தள்ள வேண்டும்.

சேதராப்பட்டு ஷீட்மெட்டல் | திங்கள், காலை 10.02

முதலாளி அப்படிக் கேட்பார் என்பது உண்மைதான். விடுங்கள். ஆனால் அடுத்தவர் கொடுத்த வளைந்த பார்ட்டை வாங்கி வைக்கும்போது என் முறைதான் சுகம், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேவனாம்பட்டினம் | திங்கள், மதியம் 1.10

வரைபடம் எனக்குத் தெரியாது, பையன் இந்த உரையாடல் இழையைக் காட்டினான், படித்தேன். எங்கள் தாத்தா மரப்படகு கட்டியவர், சின்ன வயதில் கூடவே கிடந்திருக்கிறேன். அதனால் ஒரு வார்த்தை.

மரப்படகில் முதலில் ஏராவை (அடிமரம்) படுக்க வைத்து ரசமட்டம் பார்ப்பார்கள். முன்னும் பின்னும் கட்டை நட்டு மேலே ஒரு நூல் இழுப்பார்கள், அதுதான் நடுக்கோடு. ஏராவின் மேல் சாக்குக்கட்டியில் முழக்கணக்காகக் குறி. ஒவ்வொரு குறியிலும் ஒரு வங்கு ஏறும். அது நேராக நிற்கிறதா என்று நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். வங்கு எல்லாம் நின்ற பிறகுதான் பலகை வளைந்து வந்து அதன்மேல் உட்காரும். பலகையைப் பார்த்து வங்கை யாரும் நிறுத்தியதில்லை. டூல்ரூம் சார் சொல்லும் மூன்று பிளேனும் அந்தக் குறி, அந்த நூல், அந்த ரசமட்டம்தான் என்று படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஃபைபர் வந்த பிறகுதான், அதிலும் 2004 சுனாமிக்கு அப்புறம் கரையெல்லாம் ஃபைபராக மாறிய பிறகுதான், முறை தலைகீழானது. அச்சில் இருந்து ஓடு முதலில் வருகிறது, எலும்பு பிறகு உள்ளே போகிறது. தம்பி எலும்பைத் தோலில் ஒட்டப் பார்க்கிறான், அதனால் வந்த குழப்பம் இது.

தட்டாஞ்சாவடி டூல்ரூம் | திங்கள், மதியம் 1.25

ஐயா, நான் 30 வருடத்தில் சொன்னதை நீங்கள் ஒரு நூலில் சொல்லிவிட்டீர்கள்.

ஹாஸ்டல் கணினி | திங்கள், மாலை 5.50

புதுச்சேரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எனக்கு ஒரு எதிர்க்கேள்வி. எல்லாரும் வளைவைத் தொடாதே என்கிறீர்கள். கேமும் (சுழலும் வளைந்த சக்கரம்) ஃபாலோயரும் (அதைத் தொட்டு ஏறி இறங்கும் தண்டு) இருந்தால்? அங்கே வளைவு தொடுவதுதானே வேலை. பிளேன் வைத்துப் பிடித்தால் ஃபாலோயர் எப்படி ஏறி இறங்கும்?

அப்புறம் என்னிடம் சாலிட்வொர்க்ஸ் லைசென்ஸ் இல்லை, இலவச மென்பொருளான ஃபிரீகேட்தான். 2024 நவம்பரில் வந்த 1.0-இல் அசெம்ப்ளி உள்ளேயே வந்துவிட்டது. அதில் இதைச் செய்ய முடியுமா?

சிப்காட் சாடில் | திங்கள், மாலை 6.30

நல்ல கேள்வி. அசைகிற இடத்தில் வளைவைத் தொடத்தான் வேண்டும். கேம் ஃபாலோயர் மேட் என்று தனியாக ஒன்று இருப்பதே அதற்காகத்தான். கேமின் சுற்று முகங்கள் ஒன்றுக்கொன்று தொடுகோடாக இணைந்து மூடிய வளையமாக இருக்க வேண்டும், எங்காவது ஒரு கூர்மூலை இருந்தால் எடுக்காது. ஃபாலோயர் பக்கம் உருளையோ, தட்டை முகமோ, ஒரு புள்ளியோ போதும். இன்வென்டர் என்ற மென்பொருளில் இதற்கு டிரான்சிஷனல் என்று பெயர், பள்ளத்தில் ஓடும் முளைக்கு நன்றாக வரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. கேமுக்கு சுழலும் அச்சு இருக்கிறது, ஃபாலோயருக்கு வழிகாட்டும் துளை இருக்கிறது. முதலில் அந்த இரண்டையும் அச்சில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அசைவு மட்டும் மிச்சம் வைத்து, கடைசியாகத்தான் வளைவுத் தொடர்பைக் கொடுக்க வேண்டும். அது ஒரே ஒரு அசைவை மட்டும் தின்னும். வளைவை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு தேடினால் முதுநகர் தம்பியின் நான்காவது வங்கு மாதிரி எங்காவது புரண்டு கிடக்கும்.

புரள்வதற்குக் காரணமும் இதுதான். இந்தக் கணக்குகளுக்குப் பல விடை உண்டு. வட்டத்தை வட்டம் வெளியில் இருந்தும் தொடலாம், உள்ளே இருந்தும் தொடலாம், இரண்டும் சரியான விடை. மென்பொருள் பார்ட் இப்போது நிற்கும் இடத்தில் இருந்து படிப்படியாகத் தேடிக்கொண்டு போகும், எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆகையால் மேட் கொடுப்பதற்கு முன் பார்ட்டை இழுத்து, கண் மதிப்பில் அதன் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தில் பாதிப் புரளல் நின்றுவிடும்.

தகவலுக்கு: சாலிட்வொர்க்ஸில் மேட்டைத் தீர்க்கும் டி-க்யூப்டும் சரி, உருவத்தைத் தாங்கும் பாராசாலிடும் சரி, சீமென்ஸ் சரக்கு. சீமென்ஸ் போட்டிக்கு சாலிட் எட்ஜ் விற்கிறது. பங்காளி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற கதை.

தட்டாஞ்சாவடி டூல்ரூம் | திங்கள், இரவு 8.05

ஃபிரீகேட் பற்றி, என் மருமகன் அதில்தான் செய்கிறான், அவனிடம் கேட்டு எழுதுகிறேன். அதன் புது அசெம்ப்ளியில் மேட் என்பதைவிட ஜாயின்ட் என்ற எண்ணம்: சுழல் ஜாயின்ட், சறுக்கு ஜாயின்ட், பந்து ஜாயின்ட், நிலை ஜாயின்ட். ஒவ்வொன்றும் இரண்டு சின்ன ஆயக் குறிகளை ஒன்றோடொன்று சேர்க்கிறது. அதனால் வளைந்த பார்ட்டில் நீயே ஒரு ஆயக் குறி நட்டு, அதைப் பிடித்துக்கொள். கேமுக்கென்று தனி ஜாயின்ட் அதில் இல்லை, கியர், பெல்ட், ரேக், திருகு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது முகத்தைப் பிடிக்காமல் குறியைப் பிடிப்பதற்கு. லாஃப்டை ஒரு நாள் திருத்துவாய். திருத்தினால் முகங்கள் உடைந்து புது முகமாகும், நேற்று முகம் 7 என்றிருந்தது இன்று முகம் 12. அதைப் பிடித்திருந்த மேட் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஃபிரீகேட்டில் இது வெகுகாலம் பெரிய தலைவலி, 1.0-இல் நிறையக் குறைத்திருக்கிறார்கள். மற்ற மென்பொருளிலும் இல்லாமல் இல்லை. பிளேன் அப்படி உடையாது.

ஹாஸ்டல் கணினி | திங்கள், இரவு 8.40

நன்றி சார். கிளாஸில் பெசியே வளைவு (கணினியில் வளைகோடு வரையும் கணக்கு) நடத்தும்போது தூங்கிவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.

சேதராப்பட்டு ஷீட்மெட்டல் | திங்கள், இரவு 9.15

தூங்காதே, நம்ம ஊர்க்காரனுக்குப் பிரெஞ்சுக்காரன் கதை தெரிய வேண்டாமா. அந்த வளைவை 1959-இல் சிட்ரோயன் கார் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோ என்பவர்தான் முதலில் கண்டுபிடித்தார், கம்பெனி வெளியே விடவில்லை. 1960-களில் ரெனோவில் இருந்த பெசியே தன் வேலையை வெளியிட்டார், பெயர் அவருக்குப் போய்விட்டது. ஸ்ப்ளைன் என்ற சொல்லோ அதற்கும் பழையது. கப்பல் வரைகிறவர்கள் மெல்லிய மரச்சிம்பை வளைத்து, ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்தி வைத்துக் கோடு இழுப்பார்கள், அந்தச் சிம்புக்குப் பெயர் அது. ஆக முதுநகர் தம்பி படகுப் பட்டறைக்குள் ஸ்ப்ளைனைக் கொண்டு வரவில்லை, அதன் அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முதுநகர் வரைவாளன் | செவ்வாய், இரவு 11.50

புள்ளி மேட் எல்லாவற்றையும் அழித்தேன். அட்டை ஸ்ப்ளைனையும் தூக்கி எறிந்தேன், அது கொஞ்சம் வலித்தது, இரண்டு நாள் முட்டிபோட்டு எடுத்தது. இப்போது உடல் பார்ட்டிலேயே 11 பிளேன் வைத்து, ஒவ்வொரு பிளேனும் உள்முகத்தை வெட்டும் கோட்டை எடுத்து, அதையே வங்கின் வெளிவளைவாகக் கொடுத்தேன். வங்குக்கு மூன்று மேட், ஆக 33. ஒன்றும் சிவப்பு இல்லை. ஐந்தாவது பிளேனை 150 தள்ளிப் பார்த்தேன், வங்கும் தள்ளியது, வளைவும் புது இடத்துக்கு ஏற்ப மாறியது. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

அப்புறம் மேல் விளிம்பு ஓரமாகக் கைப்பிடிக் கம்பிக்கு 14 கால்கள் நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் விளிம்பின் போக்கில் திரும்பி. அதற்கு என்ன வழி? ஒவ்வொன்றுக்கும் பிளேன் வைப்பதா?

சிப்காட் சாடில் | புதன், காலை 7.20

வேண்டாம். அங்கே வளைவைப் பிடிக்கலாம், ஆனால் முகத்தை இல்லை, கோட்டை. மேல் விளிம்பை ஒரு ஸ்கெட்ச் கோடாக எடுத்து, முதல் காலை பாத் மேட்டில் அதன்மேல் வையுங்கள். காலின் ஒரு புள்ளி கோட்டில் ஓடும், கால் கோட்டின் போக்கில் திரும்ப வேண்டுமா என்றும், எந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும் என்றும் அதில் தனித்தனியாகக் கேட்கும். இரண்டையும் கொடுங்கள், மேல்திசை கொடுக்காவிட்டால் கால் கோட்டைச் சுற்றிச் சாய்ந்துவிடும். மிச்சம் 13-ஐயும் கர்வ் பேட்டர்னில் சம தூரத்தில் பரப்பிவிடலாம்.

முதுநகர் வரைவாளன் | வெள்ளி, மாலை 4.35

கால்கள் நின்றுவிட்டன. ஆனால் பட்டறையில் ஒரு கேவலம் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு வங்கு வெட்டிக் கொண்டுபோய் வைத்தோம். முனைக்குப் பக்கத்து வங்கு உள்ளே இறங்கவே இல்லை, முன்பக்கம் இடிக்கிறது. மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தார். “சாய்வு எங்கே தம்பி? நேராக வெட்டிக்கொண்டு வந்திருக்கே” என்றார். அப்போதுதான் உறைத்தது. நான் வெட்டுக்கோட்டைப் பலகையின் பின்முகத்தில் எடுத்திருக்கிறேன். படகு முனைக்குப் போகப் போக ஒடுங்குகிறது, 18 மில்லி முன்னால் உள்ள முகத்துக்கு இடம் கம்மி. திரையில் வங்கு உடலுக்குள் ஊடுருவி நின்றிருக்கிறது, 33 மேட்டும் பச்சை, யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தேவனாம்பட்டினம் | வெள்ளி, மாலை 6.00

வங்குக்குச் சாய்வு சீவுவதைத்தான் தாத்தா கடைசி வரை யாரிடமும் கொடுக்க மாட்டார். வாய்ச்சியை வாங்கி அவரே உட்கார்ந்துவிடுவார்.

தட்டாஞ்சாவடி டூல்ரூம் | வெள்ளி, மாலை 6.20

மேட் பொருள் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் பார்க்கும், ஒன்றை ஒன்று தின்கிறதா என்று பார்க்காது. அதற்கு இன்டர்ஃபியரன்ஸ் சோதனை தனியாக ஓட்ட வேண்டும். அதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு.

கணக்கு எளிது. உடல் அந்த இடத்தில் 20 டிகிரி ஒடுங்குகிறது என்று வை. 18-ஐ 20 டிகிரியின் டேனால், அதாவது 0.364-ஆல் பெருக்கு, 6.5 மில்லி. முனைப்பக்க வங்குகளுக்குக் கோட்டை முன்முகத்தில் எடு, அப்போது முன்விளிம்பு தொடும், பின்விளிம்பில் 6.5 மில்லி சந்து இருக்கும். படகு பின்னால் ஒடுங்கும் இடத்தில் இதற்குத் தலைகீழ், பின்முகத்தில் எடு. சந்தை ரெசின் பூச்சில் நிரப்புவார்களா, இல்லை பலகையையே சாய்த்துச் சீவுவார்களா என்று மேஸ்திரியைக் கேள், அவர் சொல்கிறபடி வரை. முதலில் நீ கேட்ட டேன்ஜென்ட் ஒருவேளை விழுந்திருந்தாலும் இதே இடத்தில்தான் உதைத்திருக்கும். நேராக வெட்டிய விளிம்பு சாய்ந்த உடலை ஒரு மூலையில் மட்டும்தான் தொடும்.

முதுநகர் வரைவாளன் | ஞாயிறு, இரவு 9.10

மேஸ்திரி நிரப்பலாம் என்றார், ஆனால் 4 மில்லிக்கு மேல் போனால் சீவித்தான் ஆக வேண்டுமாம். முதல் மூன்று வங்குக்கு மட்டும் சாய்வு கொடுத்தேன், மற்றது நேர் வெட்டு. இன்டர்ஃபியரன்ஸ் சுத்தம். நாளை வெட்டப் போகிறார்கள். இடித்த பழைய வங்கைப் பட்டறை வாசலில் பெஞ்சாகப் போட்டுவிட்டார்கள், போகும்போதெல்லாம் அதில் உட்காரச் சொல்கிறார்கள்.

பின்பலகை மட்டும் பாக்கி. அது செங்குத்தாக இல்லை, 12 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது, போதாக்குறைக்கு அதன் முகமே லேசாக வெளியே உப்பியிருக்கிறது. வங்கின் மூன்று பிளேன் அப்படியே அங்கே வரவில்லை. புது இழை திறக்கவா, இங்கேயே கேட்கவா?

தட்டாஞ்சாவடி டூல்ரூம் | ஞாயிறு, இரவு 9.22

இங்கேயே கேள். ஸ்கிரீன்ஷாட் போடு, உப்பலின் ஆரம் எவ்வளவு என்றும் அளந்து எழுது. அட்டையில் வேண்டாம், நூல் பிடித்து அள.